மெம்பர் வெளியே போகும் நேரம்

பதினொரு நாள் தாமதம். காப்பீட்டுக் கம்பெனி தன் கடைசிப் பதிலைச் சொல்லாதவரை குறைதீர்ப்பு அலுவலகம் புகாரை எடுக்காது; சொன்ன பிறகு, ஆறு மாதத்துக்குள் அங்கே வந்திருக்க வேண்டும். சின்னவள் வந்தது அதற்கும் பதினொரு நாள் கழித்து. புகாரை எடுத்துக்கொள்ளவே முடியாது என்று அலுவலகம் சொல்லிவிட்டது.

கம்பெனி மறுத்ததில் வீட்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை. சின்னவள் தாமதமாகப் போனதுதான் ஆச்சரியம். ஆஸ்பத்திரி விரிப்புகள் விடிந்ததும் போக வேண்டுமென்றால் இருட்டிலேயே மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டு, வேன் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்கிறவள் அவள்.

வீடு மாடியில். கீழே சலவைக் கடை. மூன்று பேர் சேர்ந்து நடத்தினார்கள். துவைக்கும் மெஷின்கள் அண்ணன் பொறுப்பு. தெருவில் அவரை மெஷின்காரர் என்பார்கள். கவுண்டரும் டெலிவரி வேனும் அவர் மனைவிக்கு. தங்கை சின்னவளுக்கு உருளை இஸ்திரி. சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவில் ஈர விரிப்பின் ஓரத்தைக் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வரும். போன வருடம் ஒரு விரிப்பு சுருண்டுகொண்டு உள்ளே போனது. சின்னவள் பிடித்து இழுத்தாள். விரிப்போடு வலது கையும் உள்ளே போனது.

புண் ஆறிவிட்டது. ஆறிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. உள்ளங்கையில் புதிதாக வளர்ந்த தோல் மெல்ல மெல்லச் சுருங்கி மூன்று விரல்களை உள்ளே இழுத்தது. தழும்புத் தோலுக்கு நீளத் தெரியாது என்றார் டாக்டர். விரல் மடங்கியே கிடந்தால் உள்ளே இருக்கும் தசைநாரும் குட்டையாகிவிடும், அதற்குப் பிறகு தோலை வெட்டிப் பிரித்தாலும் விரல் நிமிராது, இந்த மழைக்காலத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார். கையிலிருந்ததையெல்லாம் உருளையைப் பழுது பார்ப்பதில் போட்டாயிற்று. ஆபரேஷனுக்குக் காப்பீடுதான் கொடுக்க வேண்டும். கம்பெனியோ, பாலிசியில் இவளுக்கு வீட்டு வேலை என்று போட்டிருக்கிறது, உருளை இயந்திரம் வீட்டு வேலையில் சேராது என்றது. அப்படிப் போட்டது பாலிசி விற்ற ஆள்.

சின்னவள் இப்போது இடது கையால் துண்டு மடித்தாள். வலது கையைத் துண்டின் மேல் எடை போல வைத்துக்கொள்வாள்.

"பேப்பர் வெயிட் நல்லா வேலை செய்யுது," என்பாள்.

யாரும் சிரிக்கவில்லையென்றால் அவளே சிரித்துக்கொள்வாள்.

இத்தனைக்கும் குறைதீர்ப்பு அலுவலகத்தை நிர்வாகம் செய்யும் குழுவில் அந்த வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தார். மெஷின்காரரின் மனைவி. பணம் சம்பந்தப்பட்ட எந்த நிறுவனத்திலும் வேலை செய்யாதவர்கள் மூன்று பேர் குழுவுக்குத் தேவை என்று விளம்பரம் வந்தபோது விளையாட்டுப் போல எழுதிப்போட்டாள். எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து தெருவுக்கும் வீட்டுக்கும் அவள் மெம்பர். நாத்தனார் மட்டும் அண்ணி என்பாள்.

மெம்பருக்கு அந்த இடம் பிடித்திருந்தது. இருபது வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்று, பட்டன் போனதற்கும் சாயம் போனதற்கும் பதில் சொன்னவள். குழுவில் அவள் கேள்வி கேட்டாள். பெரிய படிப்புப் படித்தவர்கள் அதற்குத் தயார் செய்துகொண்டு வந்து பதில் சொன்னார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் தன் புடவையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

சின்னவளின் கை உருளைக்குள் போன வாரமே அவள் ஒரு விதி வைத்துக்கொண்டாள். இந்த விஷயம் எந்த நாளும் அவளுடைய அலுவலகத்துக்கு வரலாம். அதனால் யாராவது பேச்செடுத்தால் அவள் எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். அங்கே கொடிக்கயிறுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. சாப்பாட்டுத் தட்டோடு பல நாள் அதில் உட்கார்ந்திருக்கிறாள்.

தூறல் விடாமல் பிடித்திருந்த ஒரு மதியம், அவித்த உருளைக்கிழங்கும் முட்டையுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொடியில் எதுவும் காயவில்லை. உலர்த்தும் மெஷின் ஓடிய சூட்டில் கீழிருந்து சோப்பு வாடை ஏறி வந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல," என்றார் மெஷின்காரர். "உங்க ஆபீசுக்குச் சம்பளம் யார் குடுக்கறது?"

"கம்பெனிங்கதான். பேங்க், இன்சூரன்ஸ், எல்லாரும் வருஷா வருஷம் கட்டணும்."

"அப்ப உப்பு போட்டவனுக்குத்தானே பேசுவாங்க?"

"அதுக்குத்தான் நடுவுல எங்க போர்டு. அவங்க கட்டறது போர்டுகிட்ட. எவ்வளவு கட்டணும்னு போர்டு சொல்லும். தீர்ப்புச் சொல்றவங்களை வேலைக்கு எடுக்கறது போர்டு. ஒரு தீர்ப்பு பிடிக்கலன்னு எந்தக் கம்பெனியும் அவங்க வேலையில கை வைக்க முடியாது."

"சரி. கம்பெனி கை வைக்க முடியாது. நீ வைக்கலாம்ல?"

"நானும் முடியாது."

"தலைவர்?"

"தலைவரும் முடியாது. ஒரு ஃபைலைக்கூடத் தொட முடியாதுங்க. எத்தனை புகார் வந்தது, எத்தனை நாள் ஆச்சு, எத்தனை பேர் அலுத்துப்போய்ப் பாதியில விட்டாங்க, அதைத்தான் பாப்போம்."

மெஷின்காரர் முட்டையைப் பாதியாக வெட்டினார். "அதாவது வீடு நம்ம வீடு, சமையல்காரரும் நாம வெச்ச ஆளு, ஆனா குழம்புல உப்பு இருக்கான்னு நாக்குல வெச்சுப் பாக்கக் கூடாது."

"பந்தியில எத்தனை பேர் முகத்தைச் சுளிச்சாங்கன்னு மட்டும் எண்ணிக்கலாம் அண்ணா," என்றாள் சின்னவள்.

மெம்பர் சிரித்துவிட்டாள். "கிட்டத்தட்ட அதேதான்."

"அப்ப உனக்கு அங்க என்னதான் வேலை?" என்றார் மெஷின்காரர்.

"யாரும் நாக்கு வெக்காம பாத்துக்கறதுதான்."

அவர் முட்டையின் மறுபாதியை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு தங்கை பக்கம் திரும்பினார். "அது போகட்டும். ஆறு மாசம் டைம் இருந்தது. நீ ஏன் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தே?"

மெம்பர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மழை பெய்யுது அண்ணி. சாப்பிட்டுட்டுப் போங்க."

"தூறல்தான்."

படிக்கட்டில் இறங்கும்போது சின்னவளின் பதில் காதில் விழுந்தது. விழக் கூடாது என்றுதான் வேகமாக இறங்கினாள். இருந்தும் விழுந்தது.

"வேலை மும்முரம் அண்ணா. மறந்துட்டேன்."

மெம்பர் குடையை விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மறந்துவிட்டாளாம். எந்த வீட்டு மெத்தை உறையில் எத்தனை பட்டன் என்று சொல்லக்கூடியவள். அந்த வீட்டில் சின்னவளிடம் இதைக் கேட்க முடியாத ஒரே ஆள் மெம்பர். அதனாலேயே அவளுக்குத்தான் அது அதிகமாக அரித்தது. உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது.

அந்த மாதக் கூட்டமும் வழக்கம்போல ஒரு கேள்வியோடுதான் ஆரம்பித்தது. தலைவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்பார். இன்றைய விஷயங்களில் உங்களுக்குச் சொந்தத்தில் ஏதாவது சம்பந்தம் உண்டா? தலையாட்டினால் போதாது. வாய் திறந்து சொல்ல வேண்டும்.

"என் நாத்தனாரோட புகார் இங்க வந்து, லேட்டுன்னு திரும்பிப் போயிருக்கு," என்றாள் மெம்பர். "விவரம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். இன்னிக்கு லேட்டா வர புகாருங்களைப் பத்திப் பேசறதா இருக்கு. அந்த நேரம் நான் வெளிய இருக்கேன்."

அவளுக்கு எதிரில் இருந்தவர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். "எனக்கு ரெண்டு இன்சூரன்ஸ் கம்பெனியில ஷேர் இருக்கு," என்றார். "நானும் வெளிய."

இருவரும் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவு கனமான கதவு. உள்ளே பேசுவது கேட்காது. மேனேஜர் மெஷினிலிருந்து இரண்டு டீ பிடித்து வந்து, ஒன்றைத் தன் டையில் கொட்டிக்கொண்டார்.

"தேய்க்காதீங்க சார். ஒத்தி எடுங்க."

அவர் ஒத்தினார். "வேடிக்கையைப் பாத்தீங்களா மேடம்? உங்க வீட்டுக்கு அந்த விதி தளரணும். என் ஷேருக்கு இறுகணும். அடிச்சுக்க வேண்டிய ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல டீ குடிக்கறோம்."

"உள்ள இருந்தா அடிச்சுக்கிட்டிருப்போம் சார். அதான் வெளிய போட்டிருக்காங்க."

"உங்களுக்கு முன்னாடி உங்க இடத்துல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார். நல்ல மனுஷன். முடி வெட்டிக்கப் போயிருக்கார். முடி வெட்டறவர் பேங்க் மேல புகார் பண்ணப் போறேன்னு சொல்லியிருக்கார். இவர் சும்மா இருக்காம, இப்படி இப்படிப் பண்ணுங்கன்னு யோசனை சொல்லிட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. புகார்ல நிக்கிறவங்களுக்குப் போர்டு ஆள் வழி சொல்லக் கூடாது. அன்னிக்கே பதவியை விட்டு எழுந்து போயிட்டார். தெரிஞ்சு சொன்னாரா தெரியாம சொன்னாரான்னுகூட யாரும் கேக்கல. தலைமுடி பாதிதான் வெட்டியிருந்ததுன்னு ஒரு பேச்சு. அது சும்மா கட்டிவிட்டதுன்னு நினைக்கறேன்."

மெம்பர் சிரித்தாள். பிறகு டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் தெருவில் பலர் கேட்பதுண்டு. கவுண்டரில் சட்டையைப் போட்டுவிட்டு மெதுவாக ஆரம்பிப்பார்கள். ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேளுங்க என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சின்னவளுக்கு இன்னும் ஒரு கதவு பாக்கியிருந்தது. அலுவலகத்தில் மதிப்பீட்டாளர் என்று ஓர் அம்மாள் இருந்தார். அலுவலகத்தின் மேலேயே குறை இருந்தால் அவரிடம் சொல்லலாம். தீர்ப்பை அவர் மாற்ற மாட்டார். அலுவலகம் மனிதர்களை ஒழுங்காக நடத்தியதா என்று மட்டும் பார்ப்பார். பார்த்ததை நேராகக் குழுவின் முன் வைப்பார். மெஷின்காரர்தான் விடாப்பிடியாக நின்று தங்கையை அவரிடம் புகார் செய்ய வைத்தார்.

மதிப்பீட்டாளர் முதல் தடவை போனில் பேசியபோது மெம்பர் வேனில் இருந்தாள். மெஷின்காரர் பக்கத்தில் நின்று கேட்டார். சின்னவள் நடந்ததை மூட்டைக் கணக்கு சொல்வது போலச் சொல்லி முடித்தாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"ஆபீஸ் ஆள் யாராவது உங்களுக்குத் தப்பா வழி காட்டியிருந்தா, அந்த லேட் உங்க கணக்குல வராதும்மா. புகாரை உள்ள எடுத்துத்தான் ஆகணும். வாசல் காவலாளியிலேருந்து போர்டு தலைவர் வரைக்கும் எல்லாரும் ஆபீஸ் ஆள்தான். அப்படி யாராவது ஏதாவது சொன்னாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. வியாழக்கிழமை திரும்பக் கூப்பிடறேன்."

போனை வைத்தபின் மெஷின்காரர் தங்கையின் முகத்தையே பார்த்தார்.

"யாராவது சொன்னாங்களா?"

"இல்லண்ணா."

"ஒரு பேச்சுக்குக்கூட?"

"பேச்சு எங்க இல்ல? மெஷினே நாள் பூரா பேசிட்டுத்தான் இருக்கு."

புதன்கிழமை சாயங்காலம் அண்ணனும் தங்கையும் டாக்டரிடம் போய் வந்தார்கள். டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். நடுவிரல் பாதி வந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் அசையவில்லை. போன மாதம் அசைந்தன. நீங்கள் என்ன முடிவு செய்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு மெஷின்காரர், பார்க்கிறோம் என்றார்.

மெம்பர் வீட்டில் சூப் வைத்து, ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து அதில் போட்டிருந்தாள். சின்னவள் இடது கையால் ஸ்பூன் பிடிக்க அதுதான் சுலபம்.

"டாக்டர் என்ன சொன்னார்னு கேக்கலாமா?" என்றாள் மெம்பர். "கை என் நாத்தனார் கைதானே. அது புகார்ல சேராதே."

"கை சேராது அண்ணி. விரல்தான் சேரும்," என்றாள் சின்னவள்.

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சின்னவள் சூப்பைத் தள்ளி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. ஓட்டல் துண்டுகள் இருநூறு மடிக்க வேண்டியிருந்தது. சின்னவள் மேஜையில் நின்று மடித்தாள். மெஷின்காரர் துவைக்கும் மெஷினின் வடிகட்டியைக் கழற்றி நூல் கழிவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். போன் அடித்ததும் மெம்பர் கேட்காமலே எழுந்து பின்பக்கம் போனாள். சின்னவள் போனைத் துண்டுக் குவியலின் மேல் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி அமுக்கிவிட்டு மடிப்பைத் தொடர்ந்தாள்.

நாலு பேச்சு நடப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. கொடியில் ஆஸ்பத்திரி விரிப்புகள் இருந்தன. மெம்பர் அவற்றை வாரிச் சுருட்டி, முகம் தெரியாத அளவுக்கு அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். வந்தபோது அந்த அம்மாளின் குரல் அறை முழுக்க இருந்தது.

"நீங்க போன்ல சொன்ன விவரத்தைப் பாத்தேன்மா. கம்பெனி கடைசிப் பதில் குடுத்த பிறகும் அவங்க ஆள் இன்னொரு தடவை பாக்கறோம்னு உங்ககிட்ட சொல்லியிருக்கார். சரி. ஆனா அது கம்பெனி சொன்னது. அதை நம்பி ஆறு மாசம் யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க. நீங்க விவரமான ஆள். வேற யாரோ உங்களைப் பொறுத்துக்கச் சொல்லியிருக்காங்க. யாரு?"

சின்னவள் ஒரு துண்டை மடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"யாரும் இல்ல மேடம்."

"அப்ப நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. இன்னிக்கு என் அறிக்கையை முடிக்கணும். லேட்டுக்குக் காரணம் நீங்களேன்னு போட்டுடவா?"

"போட்டுடுங்க."

மெஷின்காரர் வடிகட்டியைக் கீழே வைத்தார். மெம்பர் விரிப்புகளோடு அப்படியே நின்றாள். திரும்பிப் போயிருக்க வேண்டும். வெளியே மழை. மழையைக் காரணம் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ மழையில் வெளியே இருந்திருக்கிறாள். விரிப்புகளிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது. துண்டின் மேல் கிடந்த அந்தக் கையைப் பார்த்தாள். மூன்று விரல்களும் எதையோ மூடிப் பிடித்திருப்பது போல இருந்தன.

"சொல்லு," என்றாள் மெம்பர்.

சின்னவள் திரும்பினாள். "நீங்க வெளிய போங்க அண்ணி."

அந்த வீட்டில் இதுவரை யாரும் மெம்பரை வெளியே போகச் சொன்னதில்லை. அவளாகத்தான் போவாள்.

"போகல. சொல்லு அவங்ககிட்ட. யாரு?"

"அங்க யாருங்க பேசறது?" என்றது போன்.

"இவங்க அண்ணி. போர்டு மெம்பர். நான் இங்க இருக்கக் கூடாதுதான். இருந்தேன்னு எழுதிக்குங்க." பிறகு சின்னவளிடம், "கவுண்டர்ல இருந்த ஆளா? போன்ல பேசினவங்களா? பெரிய ஆளுன்னு பயப்படறியா?"

"அண்ணி, விட்டுடுங்க. எனக்கு இடது கை இருக்கு."

"அந்த ஆளுக்கு வேலை போயிடும்னு பாக்கறே. அதானே? போனா போகட்டும். நாளைக்கு இன்னொருத்தருக்கும் இதையே சொல்ல மாட்டாங்களா? உன் கை இருக்கற இருப்புக்கு நீ இன்னொருத்தர் நாற்காலியைப் பாத்துட்டு நிக்கறே."

"ஆமா. பாக்கறேன்."

"ஏன்?"

சின்னவள் துண்டை உதறினாள். அண்ணனைப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே இருந்தது. உலர்த்தும் மெஷின் சுற்றி முடித்து நின்றது. மழை மட்டும் கேட்டது.

"லைன்ல இருக்கேன்மா," என்றது போன். "நிதானமா சொல்லுங்க."

"யாரா இருந்தா என்ன, சொல்லு," என்றாள் மெம்பர். "நானே கேக்கறேன்ல."

சின்னவள் கையிலிருந்த துண்டை மடிக்காமலே மேஜையில் போட்டாள். போனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை மேடம். கம்பெனிக்காரன் இன்னும் பாக்கறோம்னு சொல்லி ரெண்டு நாள் ஆகியிருந்தது. காத்திருக்கறதா, உங்ககிட்ட வரதான்னு எனக்குத் தெரியல. கேக்கறதுக்கு ஆள் வீட்லயே இருந்தாங்க. என் விஷயம்னு சொன்னா தட்டைத் தூக்கிட்டு எழுந்து போயிடுவாங்க. அதனால என்கூடப் படிச்ச ஒருத்திக்குன்னு கேட்டேன். பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னாங்க. கம்பெனி இன்னும் பாக்குதுன்னா பொறுத்துக்கச் சொல்லு, முந்திக்கிட்டு வந்தா எங்க ஆபீஸ் திருப்பி அனுப்பிடும்னு. கடைசிப் பதில் முன்னாடியே வந்தாச்சுன்னு நான் சொல்லல. அதைச் சொன்னா என் விஷயம்னு தெரிஞ்சுடும்."

அவள் மூச்சு வாங்கினாள்.

"பொறுத்துக்கச் சொன்னது எங்க அண்ணிதான் மேடம்."